மிளகாயின் இரு பெயர்கள்

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில், ஆற்றங்கரையோர மெக்சிகோ உணவகம் ஒன்றுக்கு நண்பரோடு நாம் மதிய உணவுக்குச் சென்றிருந்தோம். மரியாச்சிக் குழுவினரின் எக்காளமும் கித்தாரும் மேசைக்கு மேசை நகர்ந்தன. அடுத்த மேசையில் பாட்டியும் பேத்தியும் ஸ்பானிய மொழியில் உடன்பாடினர். நண்பர் அவர்களையே பார்த்திருந்தார். "என் மகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது" என்றார்.

சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்துச் சுட்ட தோர்த்தியாவும், தக்காளியும் பச்சைமிளகாயும் சேர்ந்த சல்சாவும் வந்தன. மிளகாய் மெக்சிகோ மண்ணுக்கு உரியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியே இந்தியாவை அடைந்தது. ஆங்கிலத்தின் 'சில்லி', அஸ்டெக் மக்கள் பேசிய நஹுவாட்டில் மொழிச் சொல். தமிழரோ மிளகுபோல் காரமுள்ள காய் என்று கண்டு, மிளகாய் என்றனர். பழைய பெயர் நம்மிடம் தங்கவில்லை, காரம் தங்கிற்று.

இதையே ஆறுதலாகக் கூறினோம். நண்பர் ஏற்கவில்லை. "மிளகாய்க்குப் புதுப்பெயர் சொல்லி அழைக்க ஊரே இருந்தது. என் மகளிடம் 'மிளகாய்' என்று சொல்ல நானும் மனைவியும் மட்டும்தானே இருக்கிறோம்?"

நாம் மறுமொழி கூறவில்லை. ஆயினும், ஒரு சொல் பிழைத்திருக்க இருவர் போதும் என்றே நம்ப விழைகிறோம்.