எனக்கும் தெரியாத கடவுச்சொல்

நாரந்தனையில் ஒரு கடையின் கடன் கொப்பியைப் புரட்டினால் பாதி ஊரின் கதை தெரிந்துவிடும். யாருடைய கூரை ஒழுகுகிறது, யாருடைய வீட்டுவேலை சீமெந்து வாங்கக் காசில்லாமல் நின்றுபோனது, யாருக்கு இந்த மாதம் வெளிநாட்டுக் காசு வரவில்லை, எல்லாம் அதில் இருக்கும். வாப்பாவின் இரும்புக் கடைக் கொப்பியும் அப்படித்தான். அதை அவர் லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவார். ஒருவருக்குக் கணக்குக் காட்டும்போது மற்றவரின் பெயரைக் கையால் மறைத்துக்கொள்வார். "கடன்பட்டவங்கட மானமும் எங்களிட்ட அமானிதம்தான் மகள்" என்பார்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் நான், கடந்த விடுமுறையில் அந்தக் கொப்பியைக் கணினிக்கு மாற்றும் வேலையை எடுத்துக்கொண்டேன். பைதன் மொழியில் ஒரு சிறிய செய்நிரல். இணையம் தேவையில்லை; கடையிலுள்ள பழைய மேசைக் கணினியிலேயே இயங்கும். பெயர்களையும் தொகைகளையும் சேமிக்கும் பகுதி நான்கு நாட்களில் முடிந்தது. கடவுச்சொல் கேட்கும் ஒரு சிறு பெட்டிக்கு இரண்டு வாரங்கள் சென்றன.

முதலில், தட்டச்சுச் செய்யும் சொல் பிறர் கண்ணில் படக்கூடாது. கடை மேசைக்கு முன்னால் எப்போதும் யாராவது நிற்பார்கள். இந்தக் கவலை கடவுச்சொல் அளவுக்கே பழையது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பாத்தோவும் அவரது குழுவினரும் 1961இல் இயக்கிக் காட்டிய முறைமையில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். ஒவ்வொருவரின் கோப்புகளையும் காக்கவே அங்கு கடவுச்சொல் வந்தது. அப்போது திரை இல்லை. தட்டுவது எல்லாம் தாளில் அச்சாகும். ஆகவே கடவுச்சொல்லைத் தட்டும் நேரத்தில் மட்டும் அச்சிடுவதை நிறுத்திவைத்தார்கள். இன்று நாம் காணும் நட்சத்திரங்களும் கரும்புள்ளிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. பைதனின் டிகிண்டர் பெட்டியில் ஒரு சிறு கட்டளை போதும். அதன்பின் யாராவது அந்தப் பெட்டியிலிருந்து பிரதி எடுத்தாலும் நட்சத்திரங்களே கிடைக்கும்.

ஆனால் வாப்பா தமிழில்தான் கடவுச்சொல் வைப்பேன் என்றார். பரீட்சித்துப் பார்க்க 'நாரந்தனை' என்று தட்டினார். நாம் எண்ணினால் அதில் ஐந்து எழுத்துகள். திரையில் எட்டு நட்சத்திரங்கள் விழுந்தன. "மூன்று கூடிப்போச்சே?" என்றார். கணினி 'நா'வை ந என்றும் கால் என்றும் இரண்டாக வைத்திருக்கிறது. 'ந்'இல் புள்ளி தனி. 'னை'யில் ஐகாரக் குறி தனி. எண்ணிக்கை சரிதான் என்று விளங்கப்படுத்தினேன். எட்டு வந்தாலும் ஊர்ப்பெயர் நல்ல கடவுச்சொல் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கடைப் பெயர்ப்பலகையிலேயே அது எழுதியிருக்கிறது!

தமிழில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 'கொ' என்ற எழுத்தை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க உடன் ஒகரக் குறி ஒன்று, அல்லது க, எகரக் குறி, கால் என மூன்று துண்டுகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். கடையில் ஒரு விசைப்பலகை, வீட்டில் வேறொன்று என்றால், சரியான சொல்லைத் தட்டியும் பிழை என்று வரலாம். ஆகவே பெட்டியிலிருந்து வரும் சொல்லை முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இயல்பாக்கம் எனப்படும் இந்த வேலைக்குப் பைதனிலேயே வழி இருக்கிறது.

வாப்பாவுக்குக் கண் பார்வையும் சற்றுக் குறைவு. நட்சத்திரங்களுக்குப் பின்னால் விசைப்பலகை தமிழில் நிற்கிறதா ஆங்கிலத்தில் நிற்கிறதா என்று தெரியாமல் தடுமாறினார். ஆகவே பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண் அடையாளம் வைத்தேன். அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை எழுத்துகள் தெரியும். விரலை எடுத்ததும் மறையும். பாவிக்க முடியாத பூட்டு கடைசியில் பூட்டப்படாமலே கிடக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்தது, தட்டிய சொல்லை என்ன செய்வது? எம்.ஐ.டி.யின் அந்த முறைமையிலேயே 1960களில் ஒரு நாள், கணினிக்குள் நுழைந்தவர்களுக்கு அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் காட்டப்பட்டன. இரண்டு கோப்புகள் இடம் மாறிவிட்டன. கடவுச்சொற்கள் வாசிக்கக்கூடியபடி எழுதப்பட்டிருந்ததால்தான் அந்த இடமாற்றம் ஆபத்தானது. ரொபேட் மொரிஸும் கென் தொம்சனும் 1979இல் எழுதிய கட்டுரை இதற்கு வழி சொன்னது. சொல்லை வைத்திருக்காமல், அதிலிருந்து கணித்த, திருப்பி எடுக்க முடியாத ஒரு விடையை மட்டும் வை; ஒவ்வொருவருக்கும் வெவ்வேறான சிறு எண்ணொன்றை அதில் கலந்துவிடு என்றார்கள். அந்த எண்ணுக்கு அவர்கள் இட்ட பெயர் உப்பு. இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் உப்பு வேறென்பதால் விடை வேறாகும்.

சேமிக்கும் இடத்தில் இப்படிக் கவனமாக இருந்தும் சொல் வேறு வழியால் கசியலாம். 2018 மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனம் தனது 30 கோடிக்கும் மேற்பட்ட பாவனையாளர்களிடம் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டது. உரிய முறையில் மாற்றிச் சேமிப்பதற்கு முன்னரே சொற்கள் உள்ளகப் பதிவுக் கோப்பு ஒன்றில் எழுதப்பட்டிருந்தன. இதைப் படித்தபின் என் செய்நிரலின் ஒவ்வொரு வரியையும் பார்த்து, அந்தச் சொல் எந்தப் பதிவிலும் எழுதப்படவில்லை என்பதை உறுதிசெய்தேன். ஜாவா மொழியின் கடவுச்சொல் பெட்டி எழுத்துகளை ஓர் அணியாகத் தருகிறது. வேலை முடிந்ததும் அதன்மேல் வேறெதையாவது எழுதி அழிக்கலாம். பைதனின் எழுத்துச்சரத்தை அப்படி அழிக்க முடியாது. ஆகவே வேலை முடிந்த கணமே பெட்டியை வெறுமையாக்கி, சொல்லை வேறெங்கும் வைத்திராமல் விடுகிறேன்.

இவ்வளவு செய்தும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. கடவுச்சொல் பெட்டி ஒரு படலை. வேலி இல்லாத வளவுக்குப் படலை எதற்கு? கணக்குக் கோப்பைப் பென் ஒன்றில் பிரதி எடுத்துக்கொண்டு போனால், என் பெட்டியைக் காணாமலே எவரும் அதைத் திறந்து வாசிக்கலாம். ஆகவே கோப்பையே மறைகுறியாக்கினேன். கடவுச்சொல்லையும் உப்பையும் சேர்த்து, வேண்டுமென்றே மெதுவாகக் கணக்கிடும் எஸ்கிரிப்ட் என்ற முறைக்குக் கொடுத்தால் ஒரு திறவுகோல் கிடைக்கும். கோப்பு அதற்குத்தான் திறக்கும். மெதுவாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு: வாப்பாவுக்கு அது ஒரு கண நேரம், சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் கள்வனுக்கோ அந்தக் கணம் ஒவ்வொரு முயற்சியிலும் சேரும்.

எல்லாம் முடிந்த அன்று வாப்பா கேட்டார்: "நான் மறந்துபோனா நீ எடுத்துத் தருவாய்தானே மகள்?"

"ஏலாது வாப்பா."

"நீதானே செய்த?"

"நான் செய்ததுதான். ஆனா எனக்கு எடுக்க வழியிருந்தா, கணினி திருத்த வாறவருக்கும் அதே வழி இருக்கும்."

வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொல்லை ஒரு தாளில் எழுதி, கடித உறையில் ஒட்டி, உம்மாவிடம் கொடுத்தார். அது இப்போது வீட்டு அலுமாரியில் பூட்டியிருக்கிறது. கோப்பின் பிரதி வேறோர் இடத்தில் இருக்கிறது. உறைக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. செய்நிரல் எழுதுபவள் தன் கைக்கெட்டாதபடி ஒன்றைச் செய்துவைப்பதும் அவளுடைய பொறுப்புத்தான் என்று அப்போது விளங்கியது.

இதை வாசிக்கும் தோழிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு சிறு சோதனை சொல்கிறேன். நீங்கள் பாவிக்கும் ஏதாவதொரு மென்பொருளில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று சொல்லிப் பாருங்கள். புதியதொன்றை வைக்கச் சொன்னால் நல்லது. உங்கள் பழைய சொல்லையே எடுத்து அனுப்பினால், அதை அவர்கள் வாசிக்கக்கூடியபடி வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை வேறெங்காவது பாவித்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.