முடாண்டா பாறையில் ஒரு ஞாயிறு

“நாளைக்குப் பதினோரு மணிக்குக் கிளம்புகிறோம்” என்று ஓட்டுநர் சுவாஹிலியில் சொன்னபோது எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. எண்களைக் கற்று இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. யாரும் மொழிபெயர்க்காமலே அவர் சொன்னது விளங்கிவிட்டது. அதோடு ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கவும் செய்யலாம். ஆனால் இருள் விலகுவதற்கு முன்பே யாரோ என் கூடாரத்தைப் பிடித்து உலுக்கினார்கள். பதறியடித்துக் கைத்தொலைபேசியைப் பார்த்தால் மணி ஐந்து. வெளியே குழுவினர் அனைவரும் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

சுவாஹிலியில் பகல் கணக்கு விடியலில் தொடங்குகிறது, இரவுக் கணக்கு அந்தியில் தொடங்குகிறது. நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. நம்முடைய விடியற்காலை ஐந்து, அவர்களுக்கு இரவின் பதினொன்று. நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அப்போது நினைக்க நேரமில்லை. பல் துலக்கவே நேரமில்லை.

இது 2019 சனவரியில் நடந்தது. விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு, கென்யாவின் தென்கிழக்கில் வோய் நகருக்கு அருகே உள்ள சகாலா மலையடிவாரத்திற்கு ஆறு மாதக் களப்பணிக்குப் போயிருந்தேன். பக்கத்திலேயே சாவோ தேசியப் பூங்கா. (“பேரே சரியில்லையே” என்றார் அம்மா.) கிழக்கு சாவோ, மேற்கு சாவோ என்று இரண்டு பூங்காக்கள். இரண்டையும் சேர்த்தால் நம் பேராக் மாநிலத்தைவிடச் சற்றுப் பெரியவை. கென்யாவில் யானைகள் மிகுதியாக வாழும் நிலப்பரப்பு இதுதான். 2021 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 36,280 யானைகள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 15,000 இப்பகுதியைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பூங்காவின் எல்லை எது, சோளக்கொல்லையின் எல்லை எது என்று தெரியாது. தெரிந்தாலும் மதிப்பதில்லை.

எங்கள் வேலை தேன்கூட்டு வேலி. கொல்லையைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தேனீப் பெட்டிகளைத் தொங்கவிட்டு எல்லாவற்றையும் ஒரே கம்பியால் இணைத்துவிடுவோம். யானை கம்பியில் மோதினால் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும். யானைத் தோல் தடிமன்தான். ஆனால் கண்ணோரத்திலும் துதிக்கைக்குள்ளும் கொட்டினால் அதனால் தாங்க முடியாது. தேனீக்களின் இரைச்சலைக் கேட்டாலே ஆப்பிரிக்க யானைகள் பின்வாங்குகின்றன என்பதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாங்கள் காலையில் பெட்டிகளைச் சோதிப்போம், இரவில் வந்துபோன யானைகளின் தடங்களை அளப்போம். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். இந்த ஒரு கணக்கைச் சொல்லியே ஊருக்குத் திரும்பியபின் பல விருந்துகளில் நான் பேர் வாங்கியிருக்கிறேன்.

அன்று வண்டியில் ஆறு பேர். ஓட்டுநர், உள்ளூர் இளைஞர்கள் இருவர், இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வு மாணவி, நான், பிறகு ‘மாமா’. சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. நாற்பது வயதுப் பெண்மணியை வாய் நிறைய “மாமா” என்று கூப்பிட முதல் வாரம் எனக்கு நா எழவில்லை. அங்கே அண்ணனுக்குக் ‘காக்கா’ என்பார்கள். நம் தமிழ் முஸ்லிம் நண்பர்கள் வீட்டிலும் அதே முறை இருப்பதால் அதில் சிக்கல் வரவில்லை.

மாமா பகலில் எங்களோடு வேலை செய்வார், இரவில் தம் சோளத்தைக் காவல் காப்பார். வேலி போடுவதற்கு முன் தொடர்ந்து இரண்டு பருவம் ஒரு மூட்டைகூட அவர் வீடு வந்து சேரவில்லை. பிறந்து வளர்ந்த இடம் அதுதான். மலைமேல் ஏறினால் பூங்கா தெரியும். ஆனால் அதுவரை பூங்காவுக்குள் அவர் காலடி வைத்ததில்லை. அன்றும் மகன் காவலுக்கு ஒப்புக்கொண்டதால்தான் வந்தார்.

வோய் நகரைத் தாண்டும்போது ஓட்டுநர் கதை சொல்ல ஆரம்பித்தார். 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து போடப்பட்ட பழைய இரயில் பாதை அந்த வழியாகத்தான் போகிறது. அந்த வேலைக்கு இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும், ஏறத்தாழ 32,000 பேரைக் கொண்டுவந்தார்கள். 2,500 பேர்வரை இறந்துபோனார்கள். 1898இல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டியபோது பிடரிமயிர் இல்லாத இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் கூடாரங்களுக்குள் புகுந்து தொழிலாளர்களை இழுத்துக்கொண்டு போயினவாம். இன்று அவை பாடம் செய்யப்பட்டு சிகாகோ அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. “பேரன் பேத்திகள் இங்கேதான் இருக்கின்றன. இந்தியச் சமையல் அவற்றுக்குப் பழக்கம்” என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தப் பழைய தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து பாடாங் பெசார் வரை நம்மூரில் ஓடுவதும் அதே அகலம்தான். 2017இல் திறந்த புதிய அகலப் பாதையில் யானைகள் கடந்துபோக அடியில் வழி விட்டிருக்கிறார்கள்.

நுழைவாயிலில் வெளிநாட்டவரான எங்கள் இருவருக்கும் டாலரில் கட்டணம். மற்ற நால்வருக்கும் சேர்த்துக் கட்டியது அதில் சிறு பங்குதான். மாமா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யானையைப் பார்க்கக் காசு வாங்குகிறார்களா? என் வீட்டுக்கு அதுவே வந்து பார்க்கிறதே” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே சொற்களை நான் தமிழில் கேட்டிருக்கிறேன். படிவம் மூன்றில் இருந்தபோது குடும்பத்தோடு பகாங்கில் கோலா கண்டா யானைகள் சரணாலயத்துக்குப் போனோம். தாத்தா மட்டும் உள்ளே வர மாட்டேன் என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். இளங்கன்றுகளின் குருத்தைத் தின்ன யானைகள் வரும். மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு விடிய விடியக் காவல் காப்பார்களாம். “தானா வந்து பார்த்த சனியனைக் காசு கொடுத்துப் பார்க்கணுமா?” என்றார். அன்று அவரைக் கிண்டல் செய்து சிரித்தவர்களில் நான்தான் முதல் ஆள்.

பூங்காவுக்குள் அரை மணி நேரம்கூடப் போகவில்லை, பின் சக்கரம் காற்று இறங்கிவிட்டது. வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்பது விதி. இறங்காமல் சக்கரம் மாற்ற முடியாது என்பதும் விதிதான். இளைஞர்கள் இருவரும் சக்கரத்தைக் கழற்ற, மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு திசையாகக் காவல் பிரித்துக் கொடுக்கப்பட்டது. எனக்குக் கிழக்கு. ஓட்டுநரின் சிங்கங்கள் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு புதரும் மூச்சு விடுவதுபோல இருந்தது. திடீரென்று ஒரு புதர் அசைந்தது. “அங்கே!” என்று நான் போட்ட கூச்சலில் ஓட்டுநர் கையிலிருந்த திருகுகள் மண்ணில் கொட்டின. வெளியே வந்தது டிக்-டிக். முயலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் மான் அது. அன்று மாலைவரை யாராவது என்னைப் பார்த்து “அங்கே!” என்று கத்திக்கொண்டே இருந்தார்கள்.

ஒருவழியாக முடாண்டா பாறையை அடைந்தபோது எங்கள் தலைமுடி மருதாணி போட்டதுபோல் சிவந்திருந்தது. சாவோவின் மண் அப்படி. அங்கே யானைகளே சிவப்புத்தான். ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் நீளத்துக்குத் திமிங்கில முதுகுபோல் கிடக்கும் மொட்டைப் பாறை அது. மழைநீர் வழிந்து மறுபக்க அடிவாரத்தில் தேங்கிக் குளமாக நிற்கும். வண்டியை விட்டு இறங்க அனுமதி உள்ள இடமும்கூட. மேலே ஏறி உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். சப்பாத்தி, சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்த கித்தேரி, பாலில் கொதித்த தேநீர். என் பங்குக்கு அம்மா கட்டி அனுப்பிய நெத்திலிச் சம்பலின் கடைசிப் புட்டியைத் திறந்தேன். “பிலிபிலி!” என்று ஓட்டுநர் கண் கலங்கினார். மிளகாய்க்கு அவர்கள் சொல் அது. நம் திப்பிலிக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். கண்ணீரோடு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

பத்து மணிக்கு மேல் (நம் பத்து மணி) யானைகள் வந்தன. முதலில் ஒரு கிழட்டுப் பெண் யானை, பின்னால் வரிசையாகக் குட்டிகளும் தாய்களும். இருபத்து மூன்று வரை எண்ணினேன். மாமா பாறை விளிம்பில் குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரத்துக்குப் பின், “பகலில் இவ்வளவு மெதுவாக நடக்குமா?” என்று கேட்டார். நாற்பது ஆண்டுகளாக யானைகளோடு வாழ்ந்தவர், யானை ஓடுவதை மட்டுமே பார்த்திருக்கிறார்.

தள்ளித் தனியாக ஓர் ஆண் யானை நின்றது. வலத் தந்தம் பாதி ஒடிந்திருந்தது. மாமா என் கையிலிருந்த தொலைநோக்கியைப் பிடுங்கினார். “அவன்தான்!” ஆய்வு மாணவி தன் கைத்தொலைபேசியில் இருந்த படங்களோடு ஒப்பிட்டுவிட்டு, காது மடல் சரியாகத் தெரியவில்லை, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். “நீ படத்தில் பார்த்தாய். நான் இருட்டில் பார்த்தேன்” என்றார் மாமா.

பிறகு எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து, தம் தாய்மொழியில் அதைத் திட்டத் தொடங்கினார். கடன் வாங்கிக்கொண்டு ஓடிப்போனவனைச் சந்தையில் வைத்துப் பிடித்ததுபோல, விரல் விட்டு மூட்டைக் கணக்குச் சொல்லித் திட்டினார். இளைஞர்கள் பாறையில் உருண்டு சிரித்தார்கள். பாதியைத்தான் மொழிபெயர்த்தார்கள், மீதியை என்னிடம் சொல்லக்கூடாதாம். யானை ஒருமுறை காதை விசிறிவிட்டுத் தண்ணீர் குடித்தது.

நடுவில் ஒரு குட்டி சேற்றில் வழுக்கி விழுந்தது. எழுந்து மறுபடி விழுந்தது. மாமாவின் திட்டு நின்றுவிட்டது. மூன்றாம் முறையும் விழுந்தபோது, “எழுந்திரு, எழுந்திரு” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். தாய் துதிக்கையை அடியில் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. மாமா பெருமூச்சு விட்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து மூட்டைக் கணக்கைத் தொடர்ந்தார்.

மாலை வோய் நகரில் இணைய இணைப்புக் கிடைத்ததும் யானைப் படங்களை அம்மாவுக்கு அனுப்பி, தாத்தாவிடம் காட்டி நடந்ததையும் சொல்லச் சொன்னேன். சற்று நேரத்தில் தாத்தாவின் குரல் பதிவு வந்தது.

“யானை கெடக்கட்டும். அந்தப் பொம்பளையோட சோளம் வீடு வந்து சேர்ந்துச்சா?”

அடுத்த மாதம்தான் அறுவடை என்று பதில் அனுப்பினேன். இரண்டாவது பதிவு உடனே வந்தது.

“வெளைஞ்சது இன்னும் கொல்லையிலதான் நிக்குதா? அப்புறம் என்ன ஊர்சுத்தல்? போய் அந்தக் கம்பியெல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க.”

அதை அப்படியே மாமாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ஓட்டுநரின் தோளைத் தட்டி வண்டியை வேகமாக ஓட்டச் சொன்னார்.