பலகைக்கு அடியில் ஒரு பாயிண்ட்

2024 அக்டோபர் 11 இரவு, கவரைப்பேட்டையில் மெயின் லைனுக்குச் சிக்னல் வாங்கிய பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. நல்லவேளையாக யாரும் சாகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 2 அன்று, ஒடிசாவின் பஹாநகா பஜாரில் இதே விதமாக லூப் லைனுக்குள் போன கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் 290 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு செய்திகளிலும் ‘பாயிண்ட்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அது என்ன என்று ரயில்வே நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அயனாவரத்தில் ஒரு மாடி ஷெட்டுக்கு அழைத்துப்போனார்.

அங்கே ஒரு பெரியவர், அவருடைய மருமகன், ஓர் அக்கா என மூன்று பேர் மாதிரி ரயில் பாதைகள் செய்கிறார்கள். பயிற்சிக்கூடங்கள், கல்லூரிக் கண்காட்சிகள், ரயில் பைத்தியம் பிடித்த சில வசதியான வீடுகள், எல்லாவற்றுக்கும் இங்கிருந்துதான் போகிறது. அளவு 87-இல் ஒரு பங்கு. நம் அகலப்பாதையின் 1676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வரவேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் தண்டவாளம் ஐரோப்பியப் பாதைக்கான 16.5 மில்லிமீட்டர்தான். நம் அகலப்பாதையின் அளவுக்கே அவர்களுக்குத் தண்டவாளம் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. மலை, மரம், பிளாட்பாரம் செய்வதையெல்லாம் பெரியவரின் மருமகன் காட்டினார். அவற்றில் என் மனம் ஒட்டவில்லை. பாதைகள் பொருத்தியிருந்த பலகைக்கு அடியில் குனிந்தபோதுதான் நிமிர மனமில்லாமல் போனது.

பெரியவர் ஓய்வுபெற்ற சிக்னல் மெயின்டெய்னர். அரக்கோணம் யார்டில் பல ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ரெயின்கோட்டுக்குள்ளேயே கழித்திருக்கிறார். வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திருப்பிவிடும் இடம்தான் பாயிண்ட். அதைத் திருப்பும் நிஜப் பாயிண்ட் மெஷின் 110 வோல்ட் டி.சி.யில் ஓடும். கத்தி போல் கூர்ந்த டங் ரயிலை நகர்த்தி, அசையாத ஸ்டாக் ரயிலோடு ஒட்டவைத்து, பூட்டி, பூட்டியதைத் திருப்பிச் சொல்லும். அந்தத் திருப்பிச் சொல்வதற்குப் பெயர் டிடெக்‌ஷன். “ஒரு நாள் ராத்திரி பேனல்ல இண்டிகேஷன் சிமிட்டிக்கிட்டே இருக்கு தம்பி. போய்ப் பார்த்தா ரெண்டு ரயிலுக்கும் நடுவுல ஒரு ஜல்லி. அதை எடுத்துப் போடுற வரைக்கும் ஸ்டேஷன் மாஸ்டரால சிக்னல் குடுக்க முடியல. முடியக்கூடாது. அதுக்குத்தான் சம்பளம் வாங்கினோம்.”

மாதிரிப் பாதையில் பாயிண்ட்டைத் திருப்ப இரட்டைக் காயில் மோட்டார்தான் பழைய வழி. ஒரு காயில் இந்தப் பக்கம் இழுக்கும், இன்னொன்று அந்தப் பக்கம். இழுக்கும் கணத்தில் சில ஆம்பியர் கேட்கும். ஆனால் யாராவது பொத்தானில் விரலை எடுக்காமல் வைத்திருந்தால் காயில் கருகிவிடும். அதனால் அவர் மோட்டாருக்குச் சப்ளையை நேராகக் கொடுப்பதில்லை. 24 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக 4700 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரில் நிரப்புகிறார். சொட்டுச் சொட்டாக வரும் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஒரே வீச்சில் ஊற்றுவதைப் போலத்தான். கணக்குப் போட்டால் 1.35 ஜூல். டங் ரயில் சடக்கென்று போய் விழும். அதற்குப் பிறகு பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ரெசிஸ்டர் விடுகிற சொற்ப மின்சாரம்தான் காயிலுக்குப் போகும்.

மாதிரி யார்டில் ஐந்து பாயிண்ட்டுகள் ஒன்றாகத் திரும்ப வேண்டுமானால் ஒரு குடம் போதாது. அரை நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தட்டிவிடுகிறார். அந்த ரிலே அடுக்கை அவர் விளக்கியபோது நான் பாதியிலேயே பின்தங்கிவிட்டேன். ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது: பாயிண்ட்டுக்கும் வண்டிக்கும் சப்ளை தனித்தனி. பாயிண்ட்டின் மேல் வண்டி ஷார்ட் ஆகி நின்றால் தண்டவாளத்து மின்சாரம் படுத்துவிடும். மோட்டாரும் அதையே நம்பியிருந்தால் பாயிண்ட்டைத் திருப்பி வண்டியை மீட்க முடியாது.

இப்போது ரிச்சி தெருவில் கிடைக்கும் 9 கிராம் சர்வோ மோட்டாரையும் போடுகிறார். 5 வோல்ட் போதும். மெதுவாக நகரச் சொன்னால் நிஜ மெஷின் மாதிரியே சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். பயிற்சிக்கு வருபவர்கள் அந்தக் காத்திருப்பையும் பழக வேண்டும் என்கிறார்.

அவர் சட்டைப் பையில் ஒரு விசிட்டிங் கார்டு துண்டு எப்போதும் இருக்கிறது. நிஜ யார்டில் சிக்னல் மெயின்டெய்னர்கள் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் துண்டை டங் ரயிலுக்கும் ஸ்டாக் ரயிலுக்கும் நடுவே வைத்து மெஷினை ஓட்டிப் பார்ப்பார்கள். மெஷின் பூட்டக்கூடாது, டிடெக்‌ஷன் வரக்கூடாது, கிளட்ச் வழுக்கிச் சுழல வேண்டும். அந்த இரும்புக்குப் பதில்தான் இங்கே இந்த அட்டை. ஒவ்வொரு பாயிண்ட்டிலும் அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்துகிறார். பேனலில் விளக்கு எரிந்தால் அந்தப் பாயிண்ட் தேறவில்லை. டங் ரயிலோடு சேர்ந்து அசையும் கம்பியில் மைக்ரோ ஸ்விட்ச் வைத்து, அதிலிருந்துதான் விளக்குக்கு ஒயர் எடுக்கிறார்.

சந்தையில் வரும் பெரும்பாலான மாதிரிகளில் விளக்கின் ஒயர் பொத்தானிலிருந்தே போகிறது என்றார். பொத்தானை அழுத்தினால் பச்சை. உள்ளே டங் ரயில் நகர்ந்ததா, பாதியில் நின்றதா என்று அந்தப் பச்சைக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பலகையின் முன்னால் உட்கார்ந்து ஒருவர் சிக்னல் பாடம் படிப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

ஏன் இப்படி ஆகிறது? செய்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறார். ஆர்டர் எடுப்பவர் அவர், பில் போடுபவர் அவர், பலகையின் சதுர அடிக்கு விலை பேசுபவரும் அவரே. மலைக்குக் காசு, மரத்துக்குக் காசு, எரியும் குட்டி விளக்குகளுக்குக் காசு. குனிந்து பார்க்காதவர்கள் வாங்குகிறார்கள் என்பதால் அடியில் இருக்கும் வேலைக்கு மட்டும் கை சுருங்குகிறது. ஒரு மைக்ரோ ஸ்விட்ச் சில பத்து ரூபாய்தான். அதைப் பொருத்தி, கம்பியை வளைத்து, அட்டை வைத்துத் தேறவைக்கும் அரை நாள் உழைப்புதான் விலை. அந்த அரை நாளைத்தான் நடுவில் நிற்பவர் வெட்டுகிறார். பலகையைக் கொண்டுபோன பிறகு பணத்துக்கு மாதக்கணக்கில் நடக்கவிடுகிறார். பொதுப்பணத்தில் வாங்கும் பயிற்சிக்கூடங்களே இதைக் கேட்காமல் விட்டால் வேறு யார் கேட்பது? தன் வாழ்நாள் முழுக்க ஒரு ஜல்லிக்காக வண்டிகளை நிறுத்திவைத்த மனிதர், இன்று தன் கைக்காசைப் போட்டு டிடெக்‌ஷன் வைத்துக் கொடுக்கிறார். இது நியாயமே இல்லை.

‘ஒவ்வொரு பாயிண்ட்டின் விளக்கும் டங் ரயிலின் நிலையிலிருந்தே எரிய வேண்டும்’ என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதுமே என்றேன். பெரியவர் தலையசைத்தார். அதுவரை பேசாமல் பற்றவைத்துக்கொண்டிருந்த அக்கா, இந்த ஷெட்டின் காயில்களையெல்லாம் சுற்றுபவர், சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“எழுதுறப்ப அதுக்கான கூலியையும் தனியா ஒரு வரியில எழுதச் சொல்லுங்க சார். இல்லேன்னா அதையும் எங்க தலையிலதான் கட்டுவாங்க.”