இளகும் கரி, இளகாத கரி

சிரட்டைக்கரி சிரட்டையின் வளைவை விடுவதில்லை. குளத்தூரிலும் பாறசாலைப் பக்கத்திலும் இஸ்திரிப் பெட்டிக்குப் போடும் துண்டை எடுத்துப் பார்த்தால், தேங்காய்க் கண் இருந்த இடம்கூடச் சில சமயம் அப்படியே தெரியும். குழியில் மூடி எரிக்கும்போது முதலில் வெள்ளைப் புகையாக ஈரம் போகும். பிறகு கண்ணைக் கரிக்கும் புகையில் காடியும் தாரும். எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கரியாக மிஞ்சும். அவ்வளவு இழந்தும் உருவம் குலையாது. எந்தக் கட்டத்திலும் அது இளகுவதில்லை.

*

நிலக்கரியில் கோக் ஆகும் வகை மட்டும் இளகும். காற்றுப் படாமல் சூடேற்றினால் 350 முதல் 400 டிகிரி செல்சியஸுக்குள் தொடங்கும். துகள்கள் ஒட்டிக் குழம்பாகும். உள்ளே பிறக்கும் வாயு வெளியேற வழியில்லாமல் அந்தக் குழம்பை உப்ப வைக்கும். 500 டிகிரியை நெருங்கும்போது குமிழிகளோடேயே இறுகி, கோக்காகத் தொடங்கும். இந்த நூறு டிகிரிச் சொச்சத்துக்குள் நடப்பதை வைத்துத்தான் அந்தக் கரி இரும்பு உலைக்கு ஆகுமா, கொதிகலனுக்குத்தான் ஆகுமா என்பது முடிவாகிறது.

*

அக்கானி (பதநீர்) முறுகிப் பாகாவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குமிழிகள் பழக்கமானவை. ஆனால் கருப்பட்டியை வெந்நீரில் கரைத்தால் மறுபடி பாகாகும். கோக்கை எதைக்கொண்டும் பழைய கரியாக்க முடியாது. காரணம், இளகும்போதே அது சிதைகிறது. பெரிய மூலக்கூறுகளைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்புகளில் வலுக்குறைந்தவை அறுகின்றன. அறுந்த நுனிக்கு ஹைட்ரஜன் கிடைத்தால் அது சிறு மூலக்கூறாக அடங்கும். அந்தச் சிறியவைதான் மற்றவற்றை நழுவ விடுகின்றன. கரிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் போதாமல் போனதும் நுனிகள் தங்களுக்குள்ளேயே பிணைந்துகொள்கின்றன, குழம்பு கல்லாகிறது. இளக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் அந்த ஒரே அறுபடல்தான் காரணம் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

*

இந்த இளக்கத்தையும் உப்பலையும் அளக்கும் முறைகளில் எனக்குப் பிடித்தது மிக எளியது. ஒரு கிராம் கரிப்பொடியை மூசையில் இட்டு, மூடி, 820 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். உள்ளே ஒரு பொத்தான் உருவாகும். அதன் உப்பலை வரைபடத்தோடு ஒப்பிட்டு ஒன்று முதல் ஒன்பது வரை எண் கொடுப்பார்கள். கீசெலர் கருவி இன்னும் நுட்பமானது: நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் சூடேறும் கரிக்குள் ஒரு சிறு துடுப்பு. கரி இளகினால் சுழலும், இறுகினால் நிற்கும்.

*

வெட்டிய கரியை வெளியில் நெடுநாள் போட்டுவைத்தால் ஆக்சிஜன் ஏறி இளகும் தன்மை குறைந்துபோகும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலோ ஆக்சிஜன் இயல்பிலேயே மிகுதி. தோண்டும்போது எடையில் பாதியளவு ஈரம். அது இளகாது. தானாக ஒட்டாததால் உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, பிறகு சுட்டார்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீட்டு அடுப்புகளில் எரிந்த ‘லெகோ’ அதுதான். சிரட்டையும் ஆக்சிஜன் மிகுந்த பொருளே. அதன் பிணைப்புகள் அறுந்த வேகத்திலேயே குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்துவிடுவதால் குழம்பாக நேரமே கிடைப்பதில்லை.

*

ஊதுலையில் கோக் எரிபொருள் மட்டுமல்ல, தூணும்கூட. மேலே அடுக்கிய தாதின் பாரத்தை அது தாங்க வேண்டும், நொறுங்காமல் சூடான வாயுவுக்கு வழியும் விட வேண்டும். இளகி ஒட்டாத கரி அங்கே பொடியாகி உலையை அடைத்துவிடும்.

இந்தியாவில் முதல்தரக் கோக் கரி கிடைக்கும் இடம் ஜாரியா. அதிலும் சாம்பல் அதிகம். 1950இல் தன்பாத் அருகே திறக்கப்பட்ட மத்திய எரிபொருள் ஆராய்ச்சி நிலையம் அந்தக் கரியைக் கழுவுவதிலும் கலப்பதிலும் நிறைய உழைத்தது. ஆனாலும் நம் உருக்காலைகள் ஆஸ்திரேலியக் கரியைக் கப்பல் கப்பலாக இறக்குகின்றன. அதே ஜாரியாவில், 1916இல் முதன்முதலாகப் பதிவான நிலத்தடித் தீ இன்னும் எரிகிறது. நாட்டில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத கரி, கோக்காகாமல் வெறும் புகையாகிறது. அந்தப் புகைக்கு நடுவே குடும்பங்கள் வாழ்கின்றன. கரியை மீட்கும் கணக்கு பிறகு இருக்கட்டும். அவர்களுக்கு வேலைக்குப் போய்வரும் தூரத்தில் வீடு கொடுத்து மாற்றுவதை முதலில் முடிக்க வேண்டும்.