நந்திமலையில் பிறக்கும் நம்முடைய ஆறுகள்



பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கு வந்த நமக்கு விடுமுறை நாள் என்றால் ஊருக்குப் போகும் நாள்தான். வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் பேருந்து ஏறுகிறோம். நாம் குடியிருக்கும் தேசத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே, எங்கள் சபைக் குடும்பங்கள் ஒரு நாள் வழிகாட்டியோடு சுற்றுலாப் பேருந்தில் நந்திமலைக்குப் பிரயாணமானோம்.

ஹெப்பால், தேவனஹள்ளி வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரம். 2008இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தைக் கடந்தபின் திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. பின்பு கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து மெதுவாய் ஏறிற்று. பிள்ளைகள் பாடினார்கள், பெரியவர்கள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டார்கள். மலையுச்சி கடல்மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரம். காலைப் பனி விலகியபோது கீழே வயல்களும் ஏரிகளும் தெரிந்தன. தேவனுடைய கரத்தின் கிரியையைக் கண்டு ஸ்தோத்திரித்தோம்.

திப்பு சுல்தானின் கோட்டையையும், கைதிகளைத் தள்ளிவிட்டதாகச் சொல்லப்படும் செங்குத்துப் பாறையையும் வழிகாட்டி காண்பித்தார். அசைக்க முடியாதது என்று எண்ணப்பட்ட அக்கோட்டையை 1791 அக்டோபரில் ஆங்கிலேயர் பிடித்தனர். 1927இலும் 1936இலும் காந்தியடிகள் உடல்நலம் பெற இங்கே தங்கினார் என்பதையும் அறிந்தோம்.

அதன்பின் அவர் சொன்ன செய்தியே எங்களை நிற்கச் செய்தது. இந்த மலையிலும் இதைச் சூழ்ந்த குன்றுகளிலும் பல ஆறுகள் பிறக்கின்றன. அர்க்காவதி தெற்கே சென்று காவிரியில் சேருகிறது. வடபெண்ணை ஆந்திராவுக்குப் போகிறது. தென்பெண்ணையும் பாலாறும் தமிழ்நாட்டுக்கு வருகின்றன.

"எங்க ஊர் பாலாறா, ஐயா?" என்று வாணியம்பாடிப் பக்கத்துத் தாயார் ஒருவர் கேட்டார். அவர் அறிந்த பாலாறு பெரும்பாலும் மணல். ஆம், அதே ஆறுதான். கோலார் மாவட்டத்தையும் ஆந்திராவின் ஒரு பகுதியையும் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக வங்கக்கடலுக்குப் போகிறது. 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில் உழைத்த நம் மக்களுக்குத் தண்ணீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரியும் இந்த ஆற்றின் மேல்தான் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை உங்களில் பலர் நினைவுகூருவீர்கள்.

தென்பெண்ணையின் கதை நம்மை இன்னும் நெருங்கி வருகிறது. நம்மில் அநேகர் வசிக்கும் ஈஜிபுரா, விவேக்நகர் பகுதிகளின் கால்வாய்கள் பெல்லந்தூர் ஏரிக்குச் செல்கின்றன. கழிவு நிறைந்த அந்த ஏரியில் 2015இலும் 2017இலும் தீப்பற்றியது. அதன் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேருகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாய்ப் பொங்குகிறது. அதற்கும் கீழே கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர். நாம் இங்கே கால்வாயில் எறிவது நம்முடைய பெற்றோரின் வயலை நோக்கிப் போகிறது!

மாலையில் மலையடிவாரத்தின் அருகிலுள்ள முத்தேனஹள்ளிக்குச் சென்றோம். பொறியாளர் விசுவேசுவரய்யா பிறந்த கிராமம் அது. இளவயதில் தகப்பனை இழந்த அவர், பிற்காலத்தில் காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணை எழும்பக் காரணராய் இருந்தார். தண்ணீரை மதித்த மனிதரைப் பற்றி நம் பிள்ளைகள் கேட்டது நல்லது.

திரும்பும் வழியில், பேருந்திலேயே 2 இராஜாக்கள் 2ஆம் அதிகாரத்தைத் தியானித்தோம். எரிகோ குடியிருக்க நல்ல பட்டணம், தண்ணீரோ கெட்டது. எலிசா அங்கே வீடு வீடாய்க் குடங்களைச் சுத்திகரிக்கவில்லை. நீரூற்றுக்கே போய் அதில் உப்பைப் போட்டார். கர்த்தர் தண்ணீரை ஆரோக்கியமாக்கினார்.

பிரியமானவர்களே, நாம் ஊற்றண்டையில் குடியிருக்கிறோம். ஆண்டவர் நம்மை உப்பு என்றும் அழைத்திருக்கிறார். நம் சம்பளம் மாதந்தோறும் ஊருக்குப் போகிறது. நம் வீட்டுச் சண்டையும் சமாதானமும், குடியும் ஜெபமும், கடனும் உண்மையும் கூடவே போகின்றன. மேலே இருப்பவன் எதைக் கலக்கிறானோ அதையே கீழே இருப்பவன் குடிக்கிறான். ஆகையால் குப்பையைக் கால்வாயில் போடாதிருங்கள். குடும்ப ஜெபத்தில் இந்தப் பட்டணத்தின் ஏரிகளையும் கர்த்தரிடம் சொல்லுங்கள். உங்கள் இருதயமாகிய ஊற்றில் அவருடைய உப்பு விழட்டும். ஊரிலுள்ளவர்கள் நல்ல தண்ணீரைக் குடிப்பார்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.