கட்னியின் சுண்ணாம்பு

சென்னையிலிருந்து இடார்சி, ஜபல்பூர் வழியாகக் காசி யாத்திரை செல்லும் நம்மவர் பலரும் கட்னி சந்திப்பைக் கடந்தே செல்கின்றனர். ஜபல்பூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், மத்தியப் பிரதேசத்தில் உள்ளது இவ்வூர். தேநீர் அருந்திவிட்டு மீண்டும் வண்டியேறும் யாத்திரிகருள், இது சுண்ணாம்புக்குப் பெயர்பெற்ற ஊர் என அறிந்தோர் சிலரே.

இப்பகுதியில் சுண்ணாம்புக்கல் மிகுதி. அதனை உடைத்து, நிலக்கரியுடன் காளவாயில் அடுக்கிச் சுடுவர். ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் கல்லிலுள்ள கரியமிலவாயு வெளியேறிவிடும். தூய கல் 100 கிலோ சுட்டால் எஞ்சுவது 56 கிலோவே. பார்வைக்குக் கல்லாகவே தோன்றினும், கையில் எடுத்தால் கனம் குறைந்திருப்பது புலப்படும்.

இச்சரக்கை ஏற்றும் எங்களுக்கு மழையே பகை. நீர் பட்டால் சுட்ட சுண்ணாம்பு கொதித்துப் பருத்துப் பொடியாகும். அவ்வெப்பத்தில் சாக்கும் மரமும் தீப்பற்றவும் கூடும். ஆகவே நீர் புகாதபடி மூடியே அனுப்புதல் வேண்டும்.

இவ்வாறு நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் குழைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல ஏற்று, மறுபடியும் கல்லாக இறுகுகிறது. சிமெண்டைப்போல் விரைந்து இறுகாது; எனினும் சுவரின் ஈரம் வெளியேற இடந்தரும். பழைய கோட்டைகளையும் கோயில்களையும் பழுதுபார்ப்போர் இன்றும் சுண்ணாம்புச் சாந்தை நாடுவது இதனாலேயே.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டிலேயே சுண்ணாம்பு நீற்றும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரும்பு வாளியில் முதலில் நீரை நிரப்பி, அதில் கற்களைச் சிறிது சிறிதாக இடுங்கள். கற்களின்மேல் நீரைக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளி அவ்வெப்பத்தைத் தாங்காது. கொதி அடங்கும்வரை குழந்தைகள் அருகில் வரலாகாது.

வெற்றிலைச் சுண்ணாம்பும் எளிதன்று. சிறு பொட்டலத்தைக் குழந்தைகள் அமுக்கி விளையாடுகையில், அது பீறிட்டுக் கண்ணில் தெறித்துப் பார்வை கெட்ட நிகழ்ச்சிகளை நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். சுண்ணாம்பின் காரம் கருவிழியை அரித்து உட்புகும். அவ்வாறு நேர்ந்தால் கண்ணைக் கசக்கக் கூடாது; எண்ணெயோ கைமருந்தோ இடவும் கூடாது. இமையை விரித்துப் பிடித்து, தூய நீரால் இருபது நிமிடமேனும் இடைவிடாது கழுவி, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கழுவுவதில் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பார்வைக்குக் கேடாகும்.