கண்ணைப் பார்த்தேன்... கேட்க மறந்தேன்!

ஒருத்தர் ஒரு இடத்தையே உத்துப் பார்த்தா என்ன அர்த்தம்? 'பிடிச்சிருக்கு'ன்னுதானே சொல்வீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். நல்லா பல்பு வாங்கினேன்!

சென்னையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில எனக்கு இன்டர்ன்ஷிப். கரன்ட் பில் கட்டுற ஸ்க்ரீனை டிசைன் பண்ற வேலை. அதைச் சோதிக்க ஐ டிராக்கர் கொடுத்தாங்க. மானிட்டருக்குக் கீழே ஒட்டுற சின்ன பட்டைதாங்க. கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ரா ரெட் வெளிச்சத்தை அடிச்சு, அது விழியில பட்டுத் திரும்புறதை கேமராவுல பிடிச்சு, நாம ஸ்க்ரீன்ல எங்கே பார்க்கிறோம்னு கணக்குப் போட்டுடும். நம்ம கண்ணு தாவித் தாவி, நடுநடுவே நின்னுதான் பார்க்கும். அதிக நேரம் நின்ன இடம் படத்துல சிவப்பா வரும். அதுதான் ஹீட் மேப்.

கேன்டீன் அக்காகிட்ட சம்மதம் வாங்கி உட்கார வெச்சேன். 'பணம் செலுத்து' பட்டன் மேல ஒரே சிவப்பு! "என் பட்டன் சூப்பர் ஹிட் சார்"னு மீட்டிங்ல அலட்டினேன். டீம் லீடர் கேட்டது ஒரே கேள்வி: "அக்காகிட்ட கேட்டியாப்பா?"

கேட்கலை.

ரெக்கார்டிங்கை அக்காவுக்கே போட்டுக் காட்டினேன். "இங்கேயே ஏன்க்கா பார்த்துட்டு இருந்தீங்க?"

"எவ்வளவு காசுன்னே தெரியலை தம்பி. அமுக்கினா எவ்வளவு போகுமோன்னு பயம். கேட்டா, படிக்காதவன்னு நினைப்பியேன்னு பேசாம இருந்துட்டேன்."

சுருக்குன்னுச்சு. தொகையை மேல் மூலையில, பொடி எழுத்துல, சாம்பல் கலர்ல வெச்சது நான்தான். ஸ்டைலாம்!

சோவியத் விஞ்ஞானி யார்பஸ் இதை எப்பவோ காட்டிட்டார். 1967-ல் ஆங்கிலத்துல வந்த அவரோட புத்தகத்துல ஒரு சோதனை இருக்கு. ஒரே ஆள், ரெபின் வரைஞ்ச ஒரே ஓவியம். 'இவங்களுக்கு வயசென்ன?'ன்னு கேட்டா கண்ணு முகங்களைச் சுத்துது. 'உடையை ஞாபகம் வெச்சுக்கோ'ன்னா உடைகள் மேல ஓடுது. மனசுல இருக்கிற கேள்வியைத்தான் கண்ணு தேடுது. அந்தக் கேள்வி என்னன்னு மெஷினுக்குத் தெரியாது பாஸ்!

தொகையைப் பெரிசாக்கி, பட்டனுக்கு மேலேயே வெச்சேன். மறுநாள் செக்யூரிட்டி அண்ணன் உட்கார்ந்தார். தொகையைப் பார்த்தார், அமுக்கினார், எழுந்து போயிட்டார். பட்டன் மேல சிவப்பே இல்லை. அன்னிக்குத்தான் நிஜமாவே சந்தோஷப்பட்டேன்.

உங்க புராஜெக்ட்டுக்கு ஐ டிராக்கர் கிடைக்கலையா? பரவாயில்லை. பயன்படுத்தப்போறவர் பக்கத்துல உட்காருங்க. அவர் தயங்குற இடத்துல, "என்ன யோசிக்கிறீங்க?"ன்னு கேளுங்க. முக்கியமா, அவர் கூச்சப்படாத மாதிரி கேளுங்க!